தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில்

உத்திரமேரூர்
6.10.2024

அன்புள்ள செல்விக்கு, உன் அண்ணி பவளம் எழுதுவது.

இங்கே உன் அம்மா, உன் அண்ணன், என் பிள்ளை, இரண்டு மாடு, ஒரு கன்று, எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அந்த ஊர்ச் சப்பாத்தி உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் எழுது.

போனில்தான் தினமும் பேசுகிறோமே, பிறகு எதற்கு இன்லாண்டு லெட்டர் என்று கேட்பாய். நம் வீட்டுப் போன் யாருடையது? ஊருடையது. உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டதும் உன் அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், பால் வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம் வந்து நின்றுகொள்கிறார்கள். "இன்னா சாப்ட்ட, தூங்குனியா" என்பதற்கு மேல் அதில் பேச முடிகிறதா? வாட்ஸ்அப்பில் எழுதினால் என் பிள்ளை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிடுகிறான். தபால் கொண்டுவரும் செவ்வந்தியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தால் பால் சொசைட்டியில் என் கையில்தான் தருவாள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுது.

விமானம் ஓட்டப் பெண்ணை மத்தியப் பிரதேசம் வரைக்கும் அனுப்பினார்களா என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உன் அம்மாவிடமும் அண்ணனிடமும் மல்லுக்கு நின்று அனுப்பியவள் நான். படிப்பை முடித்துவிட்டு வா, அது போதும்.

பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டதற்கு என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாயே, நினைவிருக்கிறதா? "எவ்ளோ பயம் வந்தாலும் வேகத்தைக் கொறைக்க மாட்டேன் அண்ணி" என்றாய். வேகம் குறைந்தால் இறக்கை தூக்காது, விமானம் விழுந்துவிடும் என்று நீதான் ஒருநாள் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிக்கரையில் நான் டி.வி.எஸ். ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பயந்து மெதுவாக்கி, பால் கேனோடு முள்ளில் விழுந்தவள் நீ. மெதுவாகப் போகிற வண்டிதான் விழும். என் தலை உன் கையில் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்.

உன் மேல் உயிரான,
பவளம்


22.10.2024

அன்புள்ள அண்ணிக்கு, தமிழ்ச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். சப்பாத்தியும் நானும் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டோம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "எனக்கு இன்னா" என்கிறார்கள். நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஹாஸ்டலில் எல்லாரும் சிரிக்கிறார்கள், இந்தக் காலத்தில் லெட்டரா என்று. சிரிக்கட்டும். அவர்களுக்கு அண்ணி இல்லை.

எங்கள் பயிற்சியாளர் பெயர் கேப்டன் ராஜாராம். அதிகம் பேசமாட்டார். ஆயுத பூஜைக்கு நான் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நம் டிராக்டருக்கு வைப்போமே, அப்படித்தான். அவர் அதை எடுத்து, "ரன்வே பக்கம் ஒரு குச்சிகூடக் கிடக்கக் கூடாது, பழம் வைக்கிறாயா?" என்று திட்டிவிட்டு, மதியம் அதே பழத்தைப் பிழிந்து ஜூஸ் குடித்தார்.

மேலே ஏறிவிட்டால் எனக்குப் பயமே இல்லை, அண்ணி. முதல் நாள் வயல்களெல்லாம் சின்னச் சின்னப் பாத்தியாகத் தெரிந்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் அன்று அம்மாவிடம் பேசவில்லையென்றால் நான் இந்த நேரம் காஞ்சிபுரத்தில் ஏதாவது கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். இதை நேரில் சொன்னால் "போடி" என்பீர்கள். அதனால் எழுதிவிட்டேன்.

சத்தியத்தை மறப்பேனா?

அன்புடன்,
செல்வி


உத்திரமேரூர்
7.11.2024

அன்புள்ள செல்விக்கு,

தீபாவளி நன்றாக நடந்தது. வடை சுட்டேன், உன் பங்கை உன் அண்ணன் தின்றார். உன் அம்மாவுக்கு முட்டி வீங்கித்தான் இருக்கிறது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்றால், "நீ மொதல்ல மாட்டைப் பாரு" என்கிறார்கள். அவர்களுக்கு என் மேல் இருக்கும் பிரியம் உனக்குத் தெரியாததா. பதிமூன்று வருடமாக அதே பிரியம்தான்.

நீ "போடி" என்று வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் தப்பித்தாய். கடிதத்தில் எழுதினாலும் போடிதான்.

ஒன்று கேட்கிறேன். ஏறியதை எழுதினாய், பறந்ததை எழுதினாய், பழம் பிழிந்ததைக்கூட எழுதினாய். இறங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லையே? நான் எட்டாவதுதான், ஆனாலும் இல்லாததைப் படிக்கத் தெரியும். ஏறினால் இறங்கித்தானே ஆகவேண்டும். அதில் ஏதும் பேஜாரா?

மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கு நீர் வந்துகொண்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பவளம்


25.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். அங்கே மழை பலமாமே, பயிர் தப்பித்ததா?

உங்களிடம் எதையும் மறைக்க முடியாது. இறங்குவதில்தான் சிக்கல். விமானம் உட்கார மாட்டேன் என்கிறது. ரன்வேக்கு மேல் ஓர் ஆள் உயரம் வரைக்கும் ஒழுங்காக வருகிறது. அங்கே வந்ததும், யாரோ கீழே மெத்தை விரித்ததுபோல மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. மிதக்கிறது, மிதக்கிறது, பாதி ரன்வே போய்விடுகிறது.

கேப்டன் படம் போட்டு விளக்கினார். பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றின் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் கீழே இருக்கும் காற்று இறக்கையின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே வழிந்து சுழலும். வரப்பு உடைந்து பாத்தித் தண்ணீர் வழிகிறதே, அப்படி. இந்தச் சுழல் விமானத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் தரைக்கு மிக அருகில் வந்துவிட்டால் காற்று முழுதாகச் சுழல இடம் கிடைப்பதில்லை. தரை தடுத்துவிடுகிறது. பின்னால் இழுப்பது குறைந்ததும் வேகம் சீக்கிரம் கரையாது, இறக்கை தூக்கிக்கொண்டே இருக்கும். சரியான வேகத்தில் வந்தால் கொஞ்சம் மிதந்துவிட்டு உட்கார்ந்துவிடும். கூடுதல் வேகத்தில் வந்தால் உட்காரவே உட்காராது.

எனக்குக் கூடுதலாகவே வந்துவிடுகிறது. பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இதை வீட்டில் சொல்லவேண்டாம். உங்களிடம் சொன்னதே பாதி பாரம் இறங்கியதுபோல இருக்கிறது. நன்றி அண்ணி.

செல்வி


உத்திரமேரூர்
9.12.2024

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் நலம். புயல் மழையில் கொல்லைப்பக்கத்துச் சுவர் கொஞ்சம் சாய்ந்தது. பயிர் தப்பித்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது, ஊரே போய் வேடிக்கை பார்க்கிறது.

நீ எழுதிய காற்று மெத்தையை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன் தெரியுமா! பால் ஊற்றிவிட்டு ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தேன். கூழைக்கடாக்கள் வந்திறங்கியிருக்கின்றன. ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், இறக்கையை அடிக்கவே அடிக்காமல், கலங்கலிலிருந்து மதகு வரைக்கும் வழுக்கிக்கொண்டே போனது. வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பின்னால் வந்த சின்னராசு, "இன்னா அக்கா, பொணம் கிணம் மெதக்குதா?" என்று பயந்துபோய்க் கேட்டான். "எங்க நாத்தனாரு பறக்கறா, பாத்துக்கினு கீறேன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

அவ்வளவு பெரிய பறவை ஏன் விழவில்லை? வேகத்தை விடவில்லை, அதனால் விழவில்லை. நீ மிதக்கிறேன் என்று கவலைப்படுகிறாய். விழுவதைவிட மிதப்பது மேல் இல்லையா? ரன்வே நீளமாகத்தானே போட்டிருப்பார்கள். அவசரப்பட்டு வேகத்தைக் குறைத்து வைக்காதே. சத்தியம் நினைவிருக்கட்டும்.

எனக்கு இதையெல்லாம் நீ உட்கார்ந்து எழுதிப் புரியவைக்கிறாய் பார், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். எனக்கு இதுவரை யாரும் எதையும் படம் போட்டு விளக்கியதில்லை.

பவளம்


23.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் ஒன்று. நான் நலமாக இருக்கிறேன், ஒரு கீறல்கூட இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வியாழக்கிழமை, தனியாகப் பறக்க விடலாமா என்று பார்க்கும் சோதனை. கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது வழக்கம்போல வேகம் கூடுதல். மிதந்தது. பாதி ரன்வே தாண்டியும் உட்காரவில்லை. பயத்தில் நான் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினேன். அப்படிச் செய்யவே கூடாது. சக்கரம் தரையில் மோதி, விமானம் எகிறி, மறுபடி மோதியது. கேப்டன் தன் கையில் வாங்கிப் பிரேக் போட்டார். அப்படியும் ரன்வே தீர்ந்து புல்லுக்குள் போய்த்தான் நின்றோம். முன்சக்கரத்தின் தண்டு வளைந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உனக்குப் பாடம் தெரிகிறது. பரீட்சையில் நீதான் முதல். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் பத்து நாட் கூடுதலாக வைத்துக்கொண்டு வருகிறாய்? யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். நாட் என்பது எங்கள் வேகக் கணக்கு. நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

பிப்ரவரியில் இன்னொரு சோதனை வைக்கிறார்கள். அதிலும் சரியாக இறங்காவிட்டால் பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பொங்கலுக்கு வரமுடியாது, லீவு இல்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். கை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அம்மாவை ஒருவழியாகச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனீர்களாமே, முட்டிக்கு அங்கே எழுதிய மருந்தை நிறுத்தாமல் போடச் சொல்லுங்கள்.

செல்வி


12.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? என் கடிதம் கிடைத்ததா? செவ்வந்தி அக்கா லீவில் இருக்கிறாரா?

மூன்று முறை போன் செய்தேன். ஒரு முறை நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தீர்கள். ஒரு முறை களத்தில் இருந்தீர்கள். நேற்று, "அவ இப்போ பேச மாட்டாளாம்" என்றார் அம்மா. அம்மாவுக்கே ஆச்சரியம்.

விமானம் பழுதானதில் கோபமா? அல்லது நான் உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று வருத்தமா? என்னவாக இருந்தாலும் திட்டி எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருந்ததே இல்லை. தட்டில் பொங்கல் வைத்துச் சாப்பிடாமல் எழுந்துவிடாதீர்கள், கோபம் வந்தால் அப்படித்தான் செய்வீர்கள்.

இங்கே நான் தினமும் பறக்கிறேன். வேகம் இன்னும் குறையவில்லை.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
செல்வி


உத்திரமேரூர்
27.1.2025

செல்விக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். அறுவடை ஆரம்பித்துவிட்டது.

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். ஆனால் விமானத்துக்காக இல்லை. கேப்டன் கேட்டதற்கு நீ ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று எனக்குத் தெரியாதா? யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாரே, "எங்க அண்ணி" என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? என் தலைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நீ புல்லில் போய் மோதினாயா? பைத்தியமா உனக்கு? அன்றைக்கு உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? படித்த அன்றைக்கு எனக்கு அழுகை நிற்கவில்லை. மாட்டுக்குப் புல் போடுகிற சாக்கில் தொழுவத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். உன்னோடு போனில் பேசினால் ஸ்பீக்கரில் அழுதிருப்பேன்.

அந்தப் பறவையையும் நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். போகிற பறவையைப் பார்த்துவிட்டு உனக்குப் புத்தி சொன்னேன். உட்காருகிற பறவையைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் நின்று பார்த்தேன். உட்கார வேண்டும் என்றால் அது காலை முன்னால் நீட்டி, இறக்கையைக் குடைபோல விரித்து, இருக்கிற வேகத்தையெல்லாம் விட்டுவிடுகிறது. நீ எழுதியதும் அதைத்தான். எனக்குத்தான் பயத்தில் கண் தெரியவில்லை.

நம் எல்லையம்மன் கோயில் பூசாரி முனியனிடம் கேட்டேன். பேர் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். "தலைமேல வாங்குன சத்தியத்தை வாங்குனவதான் எறக்கணும். செஞ்சவளால ஆவாது" என்றார். எப்படி இறக்குவது என்பதையும் சொன்னார். போகவேண்டிய கோயிலுக்குப் போய், செய்யவேண்டியதைச் செய்து இறக்கிவிட்டேன். கற்பூரமா, தேங்காயா என்றெல்லாம் கேட்டு எழுதாதே. முறைப்படி இறங்கிவிட்டது, அவ்வளவு தெரிந்தால் போதும் உனக்கு.

இனிமேல் கேப்டன் சொல்கிற வேகம்தான் வேகம். நீ மெதுவாக வா. என் தலைக்கு ஒன்றும் ஆகாது.

பவளம்


16.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நூறு முறை நலம். போனில் எல்லாரும் சேர்ந்து கத்தியது கேட்டது. ஆனால் ஸ்பீக்கரில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சோதனை. முதலில் கேப்டனோடு மூன்று சுற்று. நம் வண்டியின் ஆக்சிலேட்டர் மாதிரி இங்கே ஒரு குமிழ் உண்டு. உள்ளே தள்ளினால் வேகம் கூடும், வெளியே இழுத்தால் குறையும். இத்தனை நாளும் ரன்வே நெருங்கும்போது அதை இழுக்கப் போவேன், கை நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் எண்ணெய் வைத்துச் சீவிய உங்கள் தலைமேல் கை வைத்தது உள்ளங்கையில் அப்படியே வரும். சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் யாரிடமும் சொல்லியிருப்பேன். ஆனால் என் கை நம்பியது.

அன்று உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இழுத்தேன். வேகம் சரியாக இருந்தது. ஓர் ஆள் உயரத்தில் அந்த மெத்தை வந்தது. மூக்கை அமுக்கவில்லை. மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச தூரம் ஏந்திக்கொண்டு போனது. பிறகு இறக்கை தானாகக் களைத்து எங்களைக் கீழே விட்டது. சக்கரம் தொட்ட சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

மூன்றாவது சுற்று முடிந்ததும் கேப்டன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "இனி நான் எதற்கு? நீயே போய்விட்டு வா" என்றார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தனியாக ஏறினேன், தனியாகச் சுற்றினேன், தனியாக இறங்கினேன், அண்ணி! இறங்கியதும் எல்லாரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இங்கே அது வழக்கம். உங்கள் கடிதம் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டேன்.

சத்தியத்தின் கதையைக் கேப்டனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இனி ஆள் சேர்க்கும்போது, வீட்டில் என்ன சத்தியம் வாங்கி அனுப்பினார்கள் என்று கேட்டுத்தான் சேர்ப்பேன்" என்றார். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

நீங்கள் ஏற்றிய கற்பூரத்துக்கும் உடைத்த தேங்காய்க்கும் நன்றி. வீட்டில் அவ்வளவு பேரை எதிர்த்து என்னை அனுப்பியதற்கும் நன்றி. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி. அது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை.

செல்வி


உத்திரமேரூர்
18.2.2025

தங்கச்சி தமிழ்ச்செல்விக்கு, அண்ணன் தாமோதரன் எழுதுவது.

நீ தனியாக விமானம் ஓட்டிய செய்தி கேட்டு ரொம்பச் சந்தோஷம். உத்திரமேரூர் கடைத்தெருவில் இருக்கிற பாதிப் பேருக்கு நானே சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு நாளைக்குச் சொல்வேன். அன்றைக்கு உன்னை அனுப்பக் கூடாது என்று சொன்னவன் நான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. போனில் கேட்கலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள். நீயும் உன் அண்ணியும் லெட்டர் போட்டுக்கொள்கிறீர்கள் என்று செவ்வந்தி சொல்லித்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்த வாரம் உன் அண்ணி, திருத்தணிக்குப் போய்வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். சாயந்தரம் மொட்டைத் தலையோடு வந்து நிற்கிறாள். முட்டி வரைக்கும் முடி இருந்தவள். "இன்னா வேண்டுதல்?" என்று கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்கு அது? எறக்கி வெக்க வேண்டியதை எறக்கி வெச்சேன், வுடு" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாட்டிடம் போய்விட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள். உடம்புக்கு ஏதாவது என்று மறைக்கிறாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எழுது.

இப்படிக்கு உன் அண்ணன்,
தாமோதரன்


26.2.2025

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் எழுதியிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படவேண்டாம் என்று மட்டும் அவருக்குப் பதில் போட்டிருக்கிறேன். விஷயத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

கற்பூரத்துக்கு நன்றி, தேங்காய்க்கு நன்றி என்று சிரித்துக்கொண்டே எழுதினேனே. அதைப் படித்தபோது தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டீர்களா? இரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் முடி உலர்த்தும்போது நான்தான் சிக்கெடுப்பேன். அரை மணி நேரம் ஆகும்.

"நான் விடுவித்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலே எனக்குப் போதுமே அண்ணி. எதற்கு இப்படி? இதற்கு நான் என்ன செய்து ஈடு கட்டுவேன்? நன்றி என்று எழுதி எழுதி அடிக்கிறேன். அந்தச் சொல் பத்தவில்லை.

உங்கள்,
செல்வி


உத்திரமேரூர்
8.3.2025

அன்புள்ள செல்விக்கு,

எல்லாரும் நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. என் மண்டைக்கு வெயில் நேராகவே இறங்குகிறது. அதை நினைத்து அழாதே, சிரி.

முதலில் உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். நான் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மறுவாரமே உன் அம்மாவுக்கு முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. செங்கல்பட்டில் போட்ட ஊசியினால்தான். ஆனால் அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் தெரியுமா? மருமகள் தனக்காகத்தான் வேண்டிக்கொண்டு முடி கொடுத்தாள் என்று! ஒருநாள் காலையில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கே வந்துவிட்டார்கள். "எனுக்கோசரமாடி இத்தினி முடியையும் குடுத்த?" என்று கேட்டு என் கன்னத்தைத் தடவினார்கள். கண்ணில் தண்ணீர். இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காப்பி வருகிறது. நீ ஊருக்கு வந்து உண்மையைச் சொல்லிக் கெடுத்து வைக்காதே. உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். பிறகு தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் போடுகிற தொப்பி.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே என்கிறாய். போதாது. வெறும் வாயால் விட்டேன் என்று எழுதியிருந்தால், என்னைச் சமாதானப்படுத்த அண்ணி சும்மா எழுதுகிறாள் என்று உன் கை நினைத்திருக்கும். உன் கையை எனக்குத் தெரியும்.

ஈடு கட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிடவேண்டும். அடுப்பங்கரையில் தனியாக உட்காருவேன். எனக்குப் பத்தொன்பது வயது, பிறந்த வீட்டு நினைப்பில் சோறு தொண்டையிலேயே நிற்கும். நீ பத்து வயசுப் பிள்ளை, எல்லாரோடும் சாப்பிட்டு முடித்திருப்பாய். ஆனாலும் கழுவின தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்காருவாய். "இன்னும் பசிக்குது அண்ணி" என்பாய். தினமும். இரண்டு தரம் சோறு தின்று உனக்கு வயிற்றுவலி வந்து மருந்து கொடுத்தார்கள். அப்போதும் மறுநாள் தட்டோடு வந்தாய். உனக்குப் பசி இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நான் ஒருநாளும் உனக்கு நன்றி சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

முடி போனால் வளரும், செல்வி. நீ போயிருந்தால் என் எதிரில் யாரடி வந்து உட்காருவார்கள்?

உன் அண்ணி,
பவளம்